கம்பித்தடங்கலைக் கையாற் கணித்த எடித் கிளார்க் அம்மையார்

மின்பொறியியல் பயிலும் மாணவர் தம் பாடநூலின் ஏதோவொரு பக்கத்திலே கிளார்க் உருமாற்றம் என்னும் பெயரைக் கண்டிருப்பர். எமது கல்லூரியினின்று பல்கலைக்கழகம் புகுந்து அத்துறையினை நாடிய பழைய மாணவருள் அதனை மனனஞ் செய்து, தேர்வில் எழுதி, மறுநாள் மறந்தவரும் உளர். அப்பெயருக்குரியார் தாடி வளர்த்த மேனாட்டுப் பேராசிரியர் ஒருவர் என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நூல்கள் குடும்பப்பெயரை மாத்திரம் அச்சிட்டு அப்பாற் செல்வதனால் விளைந்த மயக்கம் அது. அவர் அமெரிக்க நாட்டுப் பெண்மணி. பிறர் வகுத்த சமன்பாடுகளில் எண்களை இட்டு, பெருக்கியும் வகுத்தும் விடை கூறுங் கணக்கராகத் தொழிலைத் தொடங்கி, பின்னர்ச் சமன்பாடுகளைத் தாமே வகுத்தவர். இந்த விழா மலரிலே எமது கல்லூரியின் பெரியார் பலரைப் பற்றிய கட்டுரைகள் வருதல் முறையே. அவற்றினிடையே கல்லூரியோடு யாதொரு தொடர்புமில்லாத இவ்வம்மையாருக்குஞ் சில பக்கங்கள் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரை வேண்டினோம். அவர்கள் மறுக்கவில்லை.

எடித் கிளார்க் 1883ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி மேரிலாந்து மாநிலத்தின் நாட்டுப்புறப் பகுதியொன்றிற் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளைக் கொண்ட குடும்பம். பன்னிரண்டு வயதுக்குள் தாய் தந்தையர் இருவரையும் இழந்து, தமக்கையாரின் பராமரிப்பில் வளர்ந்தார். பருவம் எய்தியபின் பெற்றோர் வைத்துச்சென்ற பொருளில் தமக்குரிய பங்கு கைக்கு வந்தது. அதனை அவர் கல்விக்கே செலவிட்டார். வாசர் மகளிர் கல்லூரியிற் சேர்ந்து கணிதமும் வானியலும் கற்று 1908இற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ நகரிலும் மேற்கு வேர்ஜீனியாவிலும் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். அந்நாளிற் கணிதத்தில் வல்ல பெண்ணொருத்திக்குத் திறந்திருந்த வாயில் ஆசிரியத் தொழில் ஒன்றே. அதிற் கௌரவமுண்டு, ஆயினும் அவர் மனம் அமைதியுறவில்லை. 1911இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் குடிசார் பொறியியல் பயிலச் சென்றார்.

ஓராண்டு கழிந்தது. கோடை விடுமுறையில் ஏதேனுந் தொழில் பார்க்கலாமென அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனியிற் சேர்ந்தார். விடுமுறை முடிந்தும் அவர் பல்கலைக்கழகத்துக்கு மீளவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் கம்பியூட்டர்.

இக்காலத்து மாணவர் இச்சொல்லைக் கேட்டவுடன் மேசைமேல் இருக்கும் பொறியினையே நினைப்பர். 1912இல் அச்சொல் மனிதரைக் குறித்தது. மடக்கை அட்டவணையும், நழுவுஞ் சட்டத்தையுடைய கணக்குக் கோலும், கோடிட்ட தாள்களும் கொண்டு காலை முதல் மாலை வரை கணக்கிடுபவர் கம்பியூட்டர். அவருட் பெரும்பாலார் பெண்கள், பலர் பட்டதாரிகள். பொறியியலாளர் சமன்பாட்டை எழுதிக் கொடுப்பார். இவர்கள் எண்ணை வருவித்துக் கொடுப்பார்கள். அறிக்கையிலே பொறியியலாளரின் பெயர் வரும். கிளார்க் அம்மையார் கணக்கிட்டுக் கொடுத்தது ஜோர்ஜ் காம்பெல் என்னும் பேரறிஞருக்கு. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளைக் கணிதத்தால் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் அவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அம்மையார் அக்கம்பனியிற் கணக்கிடுங் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கினார்; இரவில் நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் படித்தார்.

அவர் கணித்தது யாதென அறியாதார்க்கு இவ்வாழ்க்கை வெறுந் திகதிகளின் கோவையாகவே தோன்றும். ஆதலின் இவ்விடத்துச் சற்றுத் தங்குவோம். துறை வல்லார் பொறுத்தருள்க.

மின்னைக் கொண்டுசெல்லுங் கம்பி, பெற்றதனை முழுமையாக மறுமுனையிற் கொடுப்பதில்லை. உலோகத்தின் தடையினால் ஒரு பகுதி வெப்பமாகின்றது என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆடலோட்டத்திலே வேறொரு தொல்லையுமுண்டு. செக்கனுக்கு 60 முறை ஓட்டம் ஆடுவது அமெரிக்க வழக்கு. எமது நாட்டில் 50 முறை. ஓட்டம் ஆடுந்தோறுங் கம்பியைச் சூழ்ந்த காந்தப்புலம் எழுந்தும் அடங்கியும் மாறும். அம்மாற்றமே ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். தடையும் இத்தூண்டலெதிர்ப்பும் ஒருங்கு சேர்ந்ததனைத் தடங்கல் என்பர். இங்கிலாந்தின் ஒலிவர் ஹெவிசைட் 1886இல் இதற்கு ஆங்கிலப் பெயரை வழங்கினார்.

சேர்ந்தது என்றோம், ஆயினும் அவை வெறுங் கூட்டலாற் சேர்வன அல்ல. ஒருவன் கிழக்கே சிறிது தூரமும் பின் வடக்கே சிறிது தூரமும் நடந்தால் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பானோ, அவ்வாறு செங்கோணத்திற் சேர்வன. ஒரு கம்பிக்கு மைலொன்றுக்குத் தடை 0.2 ஓம், தூண்டலெதிர்ப்பு 0.8 ஓம் எனக் கொள்வோம். 100 மைலுக்கு அவை 20 ஓமும் 80 ஓமும் ஆகும். தடங்கல் 100 ஓம் என்பான் பிழைத்தான். 20இன் வர்க்கத்தையும் 80இன் வர்க்கத்தையுங் கூட்டின் 6800. அதன் வர்க்கமூலம் 82.46 ஓம். கோணம் ஏறத்தாழ 76 பாகை. இக்கோணத்தைக் கைவிடாது கணக்கிடுவதற்குச் சிக்கலெண்களே தக்க கருவி என்பதை 1893இற் சிக்காகோ மாநாட்டிலே சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் விளக்கிக் காட்டினார்.

0.8 என்னும் எண் எங்கிருந்து வந்தது என வினவுவார் உளராயின், அதுவுங் கடினமன்று. கம்பிகளின் இடைத்தூரத்தைக் கம்பியின் ஆரையையொட்டிய ஓரளவினால் வகுத்து, ஈவின் மடக்கையை எடுத்து, 60 சுற்று ஓட்டத்துக்கு 0.2794 என்னும் மாறிலியாற் பெருக்கினால் மைலொன்றுக்குரிய எதிர்ப்பு வரும். இடைத்தூரம் 20 அடியும், வகுக்கும் அளவு 0.03 அடியுமாயின், ஈவு ஏறத்தாழ 667, மடக்கை 2.824, விடை 0.789 ஓம். கோபுரத்தை அகலமாக்கிக் கம்பிகளை 40 அடி இடைவெளியில் நிறுத்தினாலும் 0.084 ஓமே கூடும். இடைவெளியை இரட்டித்தும் எதிர்ப்புப் பத்திலொரு பங்களவே உயர்கின்றது. இதனைக் கையாற் கணித்துப் பார்த்தவன் மடக்கையின் இயல்பினை ஒருபோதும் மறவான்.

இம்மட்டில் ஓர் இளைஞன் ஒரு நாளிற் கற்றுவிடலாம். கம்பி நீளுங்கால்தான் தொல்லை மிகும். கம்பிகள் ஒன்றுக்கொன்று எதிரே நிற்றலால் அவற்றினிடையே மின்னேற்றந் தங்கும். அஃதாவது கம்பி முழுவதும் ஒரு கொள்ளளவியாகவுந் தொழிற்படும். இதன் விளைவு வியப்பானது. 240 மைல் நீண்ட கம்பியின் மறுமுனையில் யாதொரு சுமையும் இல்லாதபோது, அம்முனையின் வோல்ற்றளவு அனுப்புமுனையினதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாக உயர்ந்து நிற்கும். தடை, தூண்டல், கொள்ளளவம் யாவும் ஓரிடத்தில் இராது ஒவ்வோரங்குலத்திலும் பரந்து கிடப்பதால், சிக்கலெண்களின் அதிபரவளைவுச் சார்புகளைக் கொண்டே விடை காணல் வேண்டும். ஒரு சார்பின் பெறுமானத்துக்கு நான்கு முறை அட்டவணை பார்த்தல், இரண்டு பெருக்கல். அதன்பின் ஒவ்வொரு சிக்கலெண் பெருக்கலுக்கும் நான்கு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். சுமை மாறினால் மறுபடியும் தொடங்குக. ஹாவாட் பேராசிரியர் ஆதர் கெனெலி 1914இல் இச்சார்புகளுக்கெனவே அட்டவணை நூலொன்று வெளியிட்டார் என்றால் இத்தொழிலின் சுமை விளங்கும். இடையில் ஓரிலக்கம் பிழைத்தாலும் முடிவில் அது தெரிவதில்லை. கம்பி கட்டப்பட்டு மின் செலுத்தப்பட்ட பின்னரே தெரியும்.

தொலைபேசிக் கம்பிக்கும் பெருமின் கம்பிக்கும் சமன்பாடு ஒன்றே. ஒன்றிலே பேச்சுச் செல்கின்றது. மற்றதிலே நகரமொன்றின் வெளிச்சஞ் செல்கின்றது. காம்பெல்லின் கீழ் ஆறாண்டுகள் கணித்த கை, இரண்டாவதற்குந் தயாராகவே இருந்தது.

1918இல் அவர் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் சேர்ந்தார். மேற்கூறிய கெனெலி அங்குங் கற்பித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மின்பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்நிறுவகத்தில் அத்துறைப் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. வயது முப்பத்தாறு. பட்டம் கையிலிருந்தும் பொறியியலாளராகப் பணி கொடுப்பார் இலர். ஸ்கெனெக்ரடி நகரிலுள்ள ஜெனரல் இலெக்ரிக் கம்பனியிற் கிடைத்ததும் பழைய தொழிலே. நீராவிச் சுழலிகளின் சுழல் உறுப்புகளில் எழுந் தகைப்பைக் கணிக்கும் பெண்களைப் பயிற்றி மேற்பார்வை செய்யும் பதவி அது. ஸ்ரைன்மெற்ஸ் வாழ்ந்த ஊர்; மின்செலுத்துகை பற்றிய ஆராய்ச்சிக்கு அந்நாளில் உலகிலேயே சிறந்த இடங்களுள் ஒன்று. ஆனால் அவருக்குக் கொடுத்ததோ பொறியுறுப்புகளின் கணக்கு. ஊதியமும் தரமும் ஆடவர்க்குரியனவல்ல.

அவ்விருக்கையில் இருந்துகொண்டே அவர் ஒரு கருவியை ஆக்கினார். நெடுங்கம்பிக்கு வேண்டிய அதிபரவளைவுக் கணக்கை வரைபொன்றிலே அமைத்து, எண்ணைப் பெருக்குவதற்குப் பதிலாக அளந்தறியும் உபாயம் அது. மணிக்கணக்கிற் செய்யவேண்டியதனை நிமிடக்கணக்கிற் செய்யலாம். முந்திய முறைகளிலும் பத்து மடங்கு விரைவு என்பர். 1921இல் விண்ணப்பித்து 1925இல் ஆக்கவுரிமை பெற்றார். கணக்கிடும் வேலையின் களைப்பைத் தோளில் அறிந்த ஒருவரே அதனைக் குறைக்கும் வழியைக் கண்டார் என்பதை நாம் தற்செயலெனக் கருதவில்லை. சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பவருக்கு அவ்வவசரம் தோன்றாது.

அதே 1921இல் அவர் கம்பனியை விட்டு நீங்கி, கொன்ஸ்தாந்திநோப்பிளிலுள்ள அமெரிக்க மகளிர் கல்லூரியிற் பௌதிகங் கற்பிக்கச் சென்றார். போரில் தோற்ற அந்நகரம் அக்காலத்து நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்தது. இப்பயணத்தைச் சிலர் நாடு காணும் ஆசையென்பர். அவ்வாசையும் இருந்திருக்கலாம், ஆயினும் தகுதிக்கேற்ற பணி மறுக்கப்பட்டவர் வேறு வாயிலைத் தட்டியதாகவே எமக்குத் தோன்றுகின்றது. 1922இல் அவர் மீண்டபோது கம்பனி அவருக்கு மின்பொறியியலாளர் பதவியைக் கொடுத்தது. மாதவூதியம் பெற்று அப்பதவியிற் பணிபுரிந்த முதல் அமெரிக்கப் பெண் என வரலாற்றாசிரியர் அவரைக் குறிப்பர். கணக்கர் அறையிலிருந்து பொறியியலாளர் அறைக்கு எத்தனை அடி தூரமிருந்ததோ. அவருக்கு அது பத்தாண்டுப் பயணம். அவரோடிருந்து கணித்த ஏனைய பெண்கள் அத்தூரத்தைக் கடந்தாரல்லர். அவர்களுடைய விடைகள் சுழலிகளிலுங் கம்பிகளிலும் தங்கின, பெயர்கள் தங்கவில்லை.

அவர் பதவியேற்ற காலம் கம்பிகள் நீளத் தொடங்கிய காலம். 1923இற் கலிபோர்னியாவிலே மலைநீர் வீழ்ச்சியிலிருந்து லொஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு ஏறத்தாழ 240 மைல் தூரம் 220 கிலோவோல்ற்றில் மின் செலுத்தப்பட்டது. இத்தகைய கம்பிகளில் எழுந்த வினா வெப்ப இழப்புப் பற்றியதன்று. எவ்வளவு வலுவைச் செலுத்தினால் இருபுறத்துப் பொறிகளும் ஒத்திசைவு கலையாமற் சுழலும் என்பதே. இழப்பைப் புறக்கணித்தால் கணக்குச் சுருங்கும். இருமுனை வோல்ற்றளவுகளையும் பெருக்கித் தூண்டலெதிர்ப்பால் வகுத்து வருவதே உச்ச வலு. முன்னர்க் கூறிய 100 மைற் கம்பிக்கு, இருமுனையும் 220 கிலோவோல்ற்றாயின், 48,400ஐ 80ஆல் வகுக்க 605 மெகாவாற்று வரும். கம்பி 200 மைலாயின் அது பாதியாகும். பிறப்பாக்கியும் நிலைமாற்றியுந் தத்தம் எதிர்ப்பைச் சேர்க்க, எல்லை இன்னுங் கீழிறங்கும். அவ்வெல்லையைத் தாண்டினால் பொறிகள் ஒன்றையொன்று விட்டுச் சுழலும், நகரம் இருளும். ஆகவே தடங்கல் என்பது தாளில் எழுதிய எண் மாத்திரமன்று. இத்துணை மின்னே இவ்வழியால் வரும் என்று விதிக்கும் எல்லையுமாகும்.

1926 பெப்ரவரி 8ஆந் திகதி அமெரிக்க மின்பொறியியலாளர் நிறுவகத்தின் கூட்டத்திலே இப்பொருள் பற்றி அம்மையார் கட்டுரை படித்தார். அந்நிறுவகத்திற் கட்டுரை படித்த முதற் பெண் அவரே. 1932இல் பல கம்பிகளை ஓர் அவத்தைக்குப் பயன்படுத்துவது குறித்து அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. ஒற்றைக் கம்பிக்குப் பதில் இரண்டு மூன்றாகக் கட்டித் தொங்கவிட்டால், முன்னர்க் கண்ட 0.03 அடி போன்ற அளவு பெருகும்; மடக்கை சுருங்கும்; எதிர்ப்புக் குறையும்; செலுத்தும் வலு கூடும். இன்று உயர்வோல்ற்றுக் கோபுரங்களில் இவ்வாறு சேர்த்துக் கட்டிய கம்பிகளைக் காண்பது அரிதன்று. 1941இற் செல்டன் கிறேரி என்பாரோடு சேர்ந்தெழுதிய கட்டுரைக்கு அந்நிறுவகத்தின் தேசியப் பரிசு கிடைத்தது.

இனி, பாடநூலில் அவர் பெயரை நிறுத்திய உருமாற்றத்துக்கு வருவோம். மூன்று கம்பிகளும் ஒத்த ஓட்டத்தைக் கொண்டுசெல்லும்வரை ஒன்றைக் கணித்தாற் போதும். மரக்கிளை ஒரு கம்பிமேல் வீழ்ந்தாலோ, கம்பியொன்று அறுந்து மண்ணைத் தொட்டாலோ சமநிலை குலையும். 1918இற் சார்ள்ஸ் போட்டெஸ்கியூ இதற்கொரு வழி கண்டார். சமனற்ற மூன்று ஓட்டங்களையும் சமமான மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தடங்கலைப் பயன்படுத்தலாம் என்றார். மண்வழியே திரும்புந் தொகுதிக்குத் தடங்கல் மற்றவற்றினும் இரண்டு முதல் மூன்றரை மடங்கு வரை மிகும் என்பதும் இவ்வாறு பிரித்ததனால் எளிதிற் கையாளப்பட்டது. ஆயினும் அவர் வழியில் ஒவ்வொரு படியிலும் 120 பாகை திருப்புஞ் சிக்கலெண்ணாற் பெருக்கல் வேண்டும். கிளார்க் அம்மையார் 1930களின் பிற்பகுதியில் வேறுவிதமாகப் பிரித்தார். ஒரு கம்பியாற் சென்று ஏனைய இரண்டாலும் பாதி பாதியாகத் திரும்பும் ஓட்டம் ஒன்று. அவ்விரண்டுள் ஒன்றாற் சென்று மற்றதால் மீளும் ஓட்டம் ஒன்று. மூன்றிலும் ஒத்துச் சென்று மண்வழி மீள்வது ஒன்று. முதலிரண்டுக்கும் ஆல்பா, பீற்றா எனக் கிரேக்க எழுத்துகள் பெயராயின. உருமாற்றும் எண்கள் யாவும் மெய்யெண்கள்; பாதியும் மூன்றின் வர்க்கமூலமுமே அவற்றுட் கடினமானவை. மறுபடியும் கணக்கரின் கையை நினைந்து ஆக்கிய உபாயமே என்போம்.

இவற்றையெல்லாந் திரட்டி அவர் எழுதிய ஆடலோட்ட வலுத் தொகுதிகளின் சுற்றுப் பகுப்பு என்னும் நூலின் முதற்பாகம் 1943இலும் இரண்டாம் பாகம் 1950இலும் வெளிவந்தன. 1945இல் கம்பனியினின்று இளைப்பாறி மேரிலாந்திற்கு மீண்டவர், ஓய்விலே நிலைக்கவில்லை. 1947இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அமெரிக்காவில் மின்பொறியியற் பேராசிரியராகிய முதற் பெண் அவரே. அடுத்த ஆண்டு மின்பொறியியலாளர் நிறுவகம் அவரைத் தன் பெருமைக்குரிய உறுப்பினராக ஏற்றது. அந்நிலை எய்திய பெண் அதற்குமுன் எவருமிலர். ஆசிரியத் தொழிலே பெண்ணுக்குரியதென உலகங் கூறியபோது அதனை விட்டு நீங்கியவர், தாமாகத் தேர்ந்து அறுபத்து நான்காம் வயதில் அதற்கே திரும்பினார் என்பது எமக்கு மிகவும் உவப்பான செய்தி. அங்கே பல ஆண்டுகள் கற்பித்தார். 1959 ஒக்ரோபர் 29ஆந் திகதி மேரிலாந்திலே, எழுபத்தாறாம் வயதிற் காலமானார்.

அக்காலத்திலேயே மின்கணனிகள் தடங்கற் கணக்குகளை ஏற்கத் தொடங்கிவிட்டன. அவருடைய வரைபுக் கருவியை இன்று கையாள்வார் இலர். ஆல்பாவும் பீற்றாவும் மாத்திரம் வேறோரிடத்துப் போய்ச் சேர்ந்தன. மின்மோட்டார்களைக் கட்டுப்படுத்துஞ் சிறு நுண்செயலிகள் பல, மூன்று கம்பிகளின் ஓட்டத்தையும் அளந்து, செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அவ்வுருமாற்றத்தையே செய்கின்றன. 2015இல் அமெரிக்கத் தேசியப் புத்தாக்குநர் மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. அங்கே முழுப்பெயராக எடித் கிளார்க் என்றே பொறித்திருக்கின்றனர்.